புகை கட்டுப்பட்ட ஊரில் ஒரு கணப்படுப்பு

அடுப்பு என்றவுடன் நமக்குச் சமையற்கட்டுதான் நினைவுக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது சோறு பொங்கும் அடுப்பு அன்று. குளிர் நாட்டில், கூடத்துச் சுவரோரம் நின்று வீட்டைச் சூடாக்குகின்ற இரும்பு அடுப்பு. குளிர் காய்வதற்காக மூட்டும் தீக்குக் 'கணப்பு' என்று நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இதனைக் கணப்படுப்பு என்றே சொல்லிப் போகிறேன். விறகையும் எரிக்கலாம், நிலக்கரி வகைகளையும் எரிக்கலாம் என்ற முறையில் செய்யப்பட்டதை இங்கிலாந்தில் 'மல்ட்டி ஃபியூயல் ஸ்டவ்' என்கிறார்கள். அதாவது பல எரிபொருள் கணப்படுப்பு.

இதைப் பற்றி டில்லியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் என் தமக்கையின் மகன். ஷெப்பீல்டு நகரத்தில் என்ஜினீயராக இருக்கிறான். நூறு வருஷத்துப் பழைய வீடு. புகைபோக்கி ஏற்கெனவே இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டில் காஸ் விலை ஏறியதிலிருந்து கணப்படுப்பு ஒன்று வைக்க வேண்டுமென்று அவனுக்கு எண்ணம். அடுப்பு விற்கும் கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர், "இது பல எரிபொருள் அடுப்பு, எதைப் போட்டாலும் எரியும். அரசாங்க அனுமதி பெற்றது, உங்கள் ஊர்ப் புகைச் சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று சொன்னாராம். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அதற்கு அவ்வப்போது இழுப்பு வரும். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுதினான்: "மாமா, அடுப்பு எனக்குப் புரிகிறது, சட்டம்தான் புரியவில்லை. உங்கள் தொழிலே சட்டத்தை வரி வரியாகப் படிப்பதுதானே. படித்துச் சொல்லுங்கள்."

படித்தேன். கடைக்காரர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே ஏறக்குறைய உண்மைதான். சேர்த்து வைத்தால் தவறு. எப்படி என்பதை விளக்க, அந்தச் சட்டம் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. லண்டன் நகரின் மேல் காற்று அசையாமல் நின்றுவிட்டது. தரையருகே குளிர்ந்த காற்று; அதற்கு மேலே ஒரு மூடியைப் போலச் சூடான காற்று. லட்சக்கணக்கான வீடுகளின் கணப்புகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் எழுந்த நிலக்கரிப் புகை மேலே போக வழியின்றி மூடுபனியோடு கலந்து தெருக்களில் தங்கியது. 9-ஆம் தேதி காற்று எழுந்து கலைக்கும் வரை ஐந்து நாட்கள் அப்படியே நின்றது. பஸ்களுக்கு முன்னால் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு நாடக அரங்கில், மேடையே கண்ணுக்குத் தெரியாமற் போகவே இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்டிருந்த கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறிச் சாய்ந்தன. மனிதர்கள் அதைவிட மெதுவாக, வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மாண்டார்கள். ஏறக்குறைய 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அதை 12,000 வரை உயர்த்தினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்களும், கைக்குழந்தைகளும், முன்பே மார்புநோய் உடையவர்களும் ஆவர்.

சர் ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டு, 1954-இல் அறிக்கை தந்தது. ஜெரால்டு நபாரோ என்ற பாராளுமன்ற உறுப்பினர் தனி மசோதா கொண்டுவந்து அரசாங்கத்தை நெருக்கினார். 1956-ஆம் ஆண்டு ஜூலையில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. ஆலைப் புகையைக் கட்டுப்படுத்த முன்பும் சட்டங்கள் இருந்தன. குடும்பத் தலைவன் தன் வீட்டுக் கூடத்தில் மூட்டும் தீயைச் சட்டம் தொட்டது அதற்குமுன் மிக அரிது. 'புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி' என்று ஒரு வட்டாரத்தை அறிவிக்கும் அதிகாரம் நகரசபைகளுக்குக் கிடைத்தது. அத்தகைய பகுதியில் எந்தக் கட்டிடத்தின் புகைபோக்கியிலிருந்தும் புகை வரலாகாது.

வெறும் தடையோடு நின்றிருந்தால் சட்டம் ஏட்டோடு போயிருக்கும். வீட்டுக் கணப்பை மாற்றியமைக்கும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப் பணத்திலிருந்து கொடுக்க அந்தச் சட்டம் வழி செய்தது. வீட்டுக்காரர் கைப்பொறுப்பு பத்தில் மூன்று பங்குதான். அப்படியும், சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சலுகையாக வீட்டு நிலக்கரி கிடைத்துவந்த ஊர்களில் மக்கள் இலேசில் இணங்கவில்லை. கூலியின் ஒரு பகுதியாக வருவதை எரிக்காதே என்றால் யார்தான் இணங்குவார்கள்? 1968-இல் சட்டத்தை வலுப்படுத்தினார்கள். 1993-இல் எல்லாவற்றையும் ஒரே சட்டமாகத் தொகுத்தார்கள். எஃகு உருக்கிக் கரி படிந்த பெயர் பெற்ற ஷெப்பீல்டின் பெரும்பகுதி இன்று புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் அடங்கும்.

இனிச் சட்டத்தின் சொற்களுக்கு வருகிறேன். இவற்றில் எனக்குத் தொழில் முறையான ஓர் ஆசை உண்டு. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் தீ மூட்டுபவனுக்குச் சட்டம் இரண்டு வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, 'அங்கீகரிக்கப்பட்ட எரிபொருள்'. புகை எழாதது என்று சோதித்துப் பட்டியலில் சேர்க்கப்பட்ட எரிபொருள் இது. அந்த்ரசைட் என்னும் கெட்டி நிலக்கரியும், ஆலையில் அழுத்திச் செய்த சில கரிக்கட்டிகளும் இவ்வகையின. இவற்றை எந்த அடுப்பிலும், திறந்த கணப்பிலுங்கூட, எரிக்கலாம். மற்றொன்று, 'விலக்குப் பெற்ற கருவி'. அங்கீகாரம் பெறாத எரிபொருளை, உதாரணமாக விறகை, புகை மிகாமல் எரிக்க வல்லது என்று சோதனையில் தேறிய அடுப்பு இது. விறகு எரிக்க விரும்புவோர் இந்த இரண்டாம் வாயிலின் வழியேதான் செல்ல வேண்டும்.

இங்கேதான் கடைக்காரர் சறுக்கினார். விலக்கு என்பது அடுப்புக்கு மொத்தமாகக் கிடைக்கும் பட்டம் அன்று. இன்ன அடுப்பு, இன்ன எரிபொருளை, செய்தவர் கொடுத்த குறிப்பின்படி எரிக்கும்போது விலக்குப் பெறும் என்பதே விதி. பல எரிபொருள் அடுப்புகளில் பெரும்பாலானவை விறகுக்கு மட்டுமே விலக்குப் பெற்றவை. அவற்றில் அங்கீகரிக்கப்பட்ட கரிக்கட்டியை எரிப்பது முதல் வாயிலின் சலுகையால். அடுப்பின் பெருமையால் அன்று. அதே அடுப்பில் சாதாரண வீட்டு நிலக்கரியைக் கொட்டினால் இரண்டு வாயில்களும் மூடிக்கொள்ளும். 'பல' என்ற சொல் 'எல்லாம்' ஆகிவிடாது.

தண்டனையும் மாறியிருக்கிறது. இங்கிலாந்துப் பகுதியில் 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல், கட்டுப்பாட்டுப் பகுதியில் புகை விடும் வீட்டுக்கு நகரசபையே 175 பவுன் முதல் 300 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். அங்கீகாரமற்ற எரிபொருளை விலக்குப் பெறாத அடுப்பில் எரிப்பதற்காக வாங்கினால் 1,000 பவுன் வரை போகும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் தனி. ஆகவே உறவினர் எந்த நாட்டுப் பகுதியில் இருக்கிறார் என்பதைக் கேட்டுக்கொண்டே ஆலோசனை சொல்ல வேண்டும்.

விலக்குப் பெறுவதற்கான சோதனையில் ஒரு மணி நேரத்தில் இத்தனை கிராம் புகைதான் வரலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அடிப்படை 5 கிராம்; அடுப்பு தரும் வெப்பத்தில் ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கும் 0.1 கிராம் கூடுதல். ஆகவே நாலரைக் கிலோவாட் அடுப்புக்கு மணிக்கு 6.5 கிராம் வரை அனுமதி. 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து புதிதாக விற்கப்படும் அடுப்புகளுக்கு வேறொரு விதியும் உண்டு. கதவுள்ள அடுப்பின் புகையில் கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருக்கலாகாது. எரிபொருளின் வெப்பத்தில் குறைந்தது 65 சதவிகிதம் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். இந்த இரண்டும் வெவ்வேறு சோதனைகள். ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறியதாகக் கொள்ளக் கூடாது. விற்பனைத் தாளில் இரண்டும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, அரசாங்கம் வெளியிடும் விலக்குப் பட்டியலிலும் அந்த அடுப்பின் பெயர், மாதிரி எண் இரண்டையும் தேடிப் பார்ப்பது நல்லது. என் மருமான் பார்த்த அடுப்பின் பெயர் பட்டியலில் இருந்தது; மாதிரி எண்ணில் ஓர் எழுத்து வேறாக இருந்தது. விலக்குப் பெற்றது அதன் தம்பி!

சரி, விலக்குப் பெற்ற அடுப்புகளே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? அடுப்பைப் பார்ப்பதற்கு முன் எரிபொருளை முடிவு செய்துகொள் என்பதே நான் அவனுக்குச் சொன்ன முதல் ஆலோசனை. ஏனெனில் விறகும் கரியும் எரியும் முறையே வேறு.

விறகை எரிப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் எரிவது விறகிலிருந்து வெளிவரும் வாயு. காய்ந்த விறகின் எடையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு, சூடேறும்போது வாயுவாகப் பிரிந்துவிடும். நீண்ட மஞ்சள் ஜுவாலையாக ஆடுவது அதுதான். அந்த வாயு எரிய வேண்டுமானால் கடுஞ்சூடும், மேலிருந்து வரும் காற்றும் தேவை. கிடைக்காவிட்டால் எரியாமலே புகைபோக்கியில் ஏறி, பாதி கீலாக உட்சுவரில் படியும். பாதி புகையாக ஊருக்குப் போகும். ஆகவே விறகு, தன் சாம்பல் மெத்தையின் மேலேயே படுத்து, மேற்காற்றில் எரிவதை விரும்பும். அந்த்ரசைட்டோ இதற்கு நேர்மாறானது. அதில் வாயு மிகக் குறைவு. கட்டியே கனன்று எரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து காற்று வர வேண்டும். சாம்பல் அடைத்துக்கொண்டால் அணைந்துவிடும். ஆகையால் கம்பித்தட்டின் மேல் அதைப் போட்டு, அவ்வப்போது தட்டை ஆட்டிச் சாம்பலைக் கீழே உதிர்த்துவிட வேண்டும்.

இரண்டையும் ஓர் அடுப்பில் செய்யலாம் என்பதற்குத்தான் பல எரிபொருள் அடுப்பில் ஆட்டும் கம்பித்தட்டும், கீழே சாம்பல் தட்டும், மேலும் கீழும் இரண்டு காற்றுத் திறப்புகளும் வைக்கிறார்கள். நல்ல அடுப்பில் பின்சுவரிலும் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே சூடான காற்று புகுந்து ஜுவாலையின் தலைப்பில் எஞ்சிய வாயுவையும் எரித்துவிடும். விறகு எரிக்கும்போது கீழ்த் திறப்பை மூடி மேல் திறப்பை நடத்த வேண்டும். கரி எரிக்கும்போது கீழ்த் திறப்பே பிரதானம். கையாளுவது கடினமன்று, ஆனால் கையாள வேண்டும். மாதத்தில் இருபத்தைந்து நாள் விறகுதான் எரிப்போம் என்பவர்கள் விறகுக்கென்றே செய்த அடுப்பை வாங்குவதே மேல். 'இருக்கட்டும், எதற்கும் உதவும்' என்று பல எரிபொருள் அடுப்பை வாங்கியவர்களில் பலர் கம்பித்தட்டின்மேல் விறகை வேகமாக எரித்து, விறகுச் செலவைக் கூட்டிக்கொள்கிறார்கள். பனிப்புயலில் விறகு வராத ஊரிலும், இரவெல்லாம் கனல் வேண்டிய முதியோர் வீட்டிலும் இரண்டு வழியும் உள்ள அடுப்புக்குப் பொருள் உண்டு.

இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து எரிக்கலாமா? அடுப்பு தாங்கும்; புகைபோக்கி தாங்காது. கரிக்கட்டியில் கந்தகம் இருக்கிறது. விறகில் ஈரம் இருக்கிறது. இரண்டும் மேலே போய்ச் சேர்ந்து அமிலமாகி, புகைபோக்கிக்குள் விட்டிருக்கும் எஃகு உட்குழாயை அரித்துவிடும். உட்குழாயிலும் 316 என்றும் 904 என்றும் எஃகுத் தரங்கள் உண்டு. கரி எரிப்பவர்கள் 904 போட வேண்டும். அடுப்பின் விலையைக் குறைத்துச் சொல்லும் கடைகள் உட்குழாயின் விலையை முதலில் சொல்வதில்லை. உட்குழாயும், பொருத்தும் கூலியும் சேர்ந்து சில சமயம் அடுப்பின் விலையையே எட்டும்.

அடுத்தது அளவு. இதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பெரிது நல்லது என்று நினைக்கிறோம். கூடத்தின் நீள அகல உயரங்களை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால், எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்குக் கிடைக்கும். மருமானின் கூடம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். 50 கன மீட்டர். வகுத்தால் மூன்றரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேல். கடையில் அவனுக்குக் காட்டியது 8 கிலோவாட்! அதை வைத்தால் அரைமணியில் கூடம் உலைக்களமாகிவிடும். உடனே என்ன செய்வான்? காற்றுத் திறப்பை மூடுவான். தீ மூச்சுத் திணறும். ஜுவாலை அடங்கி, விறகு வெறுமனே புகையும். சோதனைச் சாலையில் தேறிய அடுப்பு வீட்டில் ஊரைக் கரியாக்குவது பெரும்பாலும் இப்படித்தான். இதை அறிந்தே, விறகுக்கு விலக்குப் பெற்ற அடுப்புகளில் மேல் திறப்பு முழுவதும் மூடாதபடி ஒரு தடை வைத்துச் செய்கிறார்கள். சிலர் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்தத் தடையைக் கழற்றிவிடுகிறார்களாம். அதைக் கழற்றினால் விலக்கும் கழன்றுவிடும்.

5 கிலோவாட் வரையுள்ள அடுப்புக்குப் பழைய வீடுகளில் சுவரைத் துளைத்து நிரந்தரக் காற்றுவழி விட வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால் வேண்டும். அந்நாட்டுக் கடைகளில் 4.9, 5 என்ற எண்கள் மிகுதியாகத் தென்படுவதன் இரகசியம் இதுவே. 2008-க்குப் பிறகு காற்றுப் புகாதபடி கட்டிய வீடுகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

எவ்வளவு நல்ல அடுப்பானாலும் ஈர விறகைத் திருத்த முடியாது. வெட்டிய புதிதில் விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஒரு கிலோ விறகைப் போட்டால் அரை லிட்டர் தண்ணீரைத் தீக்குள் ஊற்றியதாகத்தானே பொருள்? அந்தத் தண்ணீர் ஆவியாகும்வரை தீ குளிர்ந்தே இருக்கும், வாயு எரியாது. 20 சதவிகிதத்துக்குக் குறைவாக ஈரம் உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வெப்பம் தரும். 4 கிலோவாட் அடுப்புக்கு அத்தகைய விறகு மணிக்கு ஒன்றேகால் கிலோ போதும். இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு 20 சதவிகித ஈரத்துக்கு மேற்படாதது என்ற சான்றோடுதான் விற்கப்பட வேண்டும். அதே தேதியிலிருந்து சாதாரண வீட்டு நிலக்கரியை மூட்டையில் விற்பதும், 2023 மே முதல் உதிரியாக விற்பதும் தடுக்கப்பட்டன. ஆலைக் கரிக்கட்டிகளில் கந்தகம் 2 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் இரண்டு கன மீட்டரும் அதற்கு மேலும் மொத்தமாக வாங்கினால் ஈர விறகையும் விற்கலாம். எப்படி உலர்த்துவது என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுத்தால் போதும். விலை மலிவு. வாங்கி அடுக்கி, மழை படாமல் மேலே மூடி, பக்கங்களில் காற்று புக விட்டு, ஓராண்டும் கருவாலிக்கு இரண்டாண்டும் காத்திருக்கப் பொறுமையுள்ளவர்களுக்கு அது இலாபம். ஈரமானி என்று கைக்கடக்கமான ஒரு கருவி கிடைக்கிறது. விறகின் வெளிப்புறத்தில் குத்திப் பார்க்கக் கூடாது. பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

பழைய சன்னல் சட்டம், சாயம் பூசிய பலகை, தூணுக்கு மருந்தேற்றிய மரம் இவை இலவசமாகக் கிடைக்கும். இவற்றை எரிக்கவே கூடாது. அந்த மருந்துகளிலும் சாயங்களிலும் ஈயமும் சங்கப் பாஷாணமும் இருக்கக்கூடும்.

புகை கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. நான் வாழும் டில்லியில் தை மாதக் குளிரில், கதவைச் சாத்திக்கொண்டு அங்கீட்டியில் கரி கனலவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி அநேகமாக ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. புகையே இல்லாத, கனன்று சிவந்த கரிதான் அந்த வேலையைச் செய்கிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. 'புகையற்ற எரிபொருள்' என்று மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்குக் கை தயங்கும். படிப்பவர் 'ஆபத்தற்ற' என்று எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று. இங்கிலாந்தில் கணப்படுப்பு பொருத்தும் அறையில் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கை மணி வைப்பது 2010 முதல் கட்டாயம். பதிவுபெற்ற வேலைக்காரர் பொருத்த வேண்டும். அல்லது நகரசபைக் கட்டிடப் பகுதிக்கு முன்கூட்டி அறிவித்து அவர்கள் பார்வையில் செய்ய வேண்டும். விறகு எரித்தால் ஆண்டுக்கு இருமுறையாவது புகைபோக்கியைத் துடைக்க ஆளை அழைப்பது வழக்கம்.

இவ்வளவும் எழுதி அனுப்பிய பிறகு ஒன்று எஞ்சி நின்றது. குழந்தையின் இழுப்பு. இதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஏனெனில் சட்டம் புகைபோக்கியின் உச்சியைப் பார்க்கிறதே தவிர, கூடத்துக்குள் பார்ப்பதில்லை. ஷெப்பீல்டு பல்கலைக்கழகத்தார் அந்நகரிலேயே, விலக்குப் பெற்ற அடுப்புகளுள்ள 19 வீடுகளில் துகள்மானிகளை வைத்துப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். விறகு போடுவதற்காக அடுப்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நுண்துகள்கள் அறைக்குள் வெள்ளம்போலப் புகுந்ததையும், அவை உடனே அடங்காமல் தங்கியதையும் கண்டார்கள். முதியோரும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் இத்தகைய அடுப்பை எரிக்க வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. அடுப்பு விற்பவர்கள் இந்த ஆராய்ச்சியை ஒப்புக்கொள்ளவில்லை. நான் இதில் நிபுணன் அல்லன். ஆயினும் என் பேரக்குழந்தை முறையாகும் ஒரு சிறுவனின் மூச்சைப் பற்றிய விஷயத்தில், விற்பவர் சொல்வதைவிட அளந்தவர் சொல்வதையே நம்புவேன் என்று எழுதினேன்.

"அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, மாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றே முதலில் சொன்னேன். வெப்பத்துக்குக் காஸ் கொதிகலன் இருக்கவே இருக்கிறது. ஆனால் அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த மலைப்பாங்கான புறநகரில் ஒரு குளிர்காலப் புயலில் முப்பது மணி நேரம் மின்சாரம் நின்றுபோய், கொதிகலனும் ஓடாமல், குழந்தையைக் கம்பளிகளில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அந்த இரவை நினைத்துத்தான் அடுப்பு கேட்கிறான். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தோம். முன்கூடம் குழந்தை விளையாடும் இடம். அங்கே அடுப்பு கிடையாது. பின்புறம் ஒரு சிறு அறை, அதற்கும் தனிப் புகைபோக்கி உண்டு. அங்கே நாலரைக் கிலோவாட்டில், விறகுக்கு விலக்குப் பெற்ற, பட்டியலில் மாதிரி எண்ணும் சரியாக உள்ள ஓர் அடுப்பு. பல எரிபொருள் வகையே வாங்கினான். இங்கே அதற்குக் காரணம் இருந்தது: புயல் இரவில் நெடுநேரம் கதவைத் திறக்காமல் கனலக்கூடியது அங்கீகரிக்கப்பட்ட கரிக்கட்டிதான். அதற்காக ஐந்து மூட்டை கொட்டகையில் தனியே இருக்கிறது; விறகோடு கலப்பதில்லை என்று பேச்சு. உட்குழாய் 904 தரம். எச்சரிக்கை மணியை, அடுப்பு வருவதற்கு முன்பே அவன் மனைவி வாங்கி மாட்டிவிட்டாள்.

விறகை மட்டும் நான் சொன்னதையும் மீறி மொத்தமாக, ஈரத்தோடு, மலிவாக வாங்கிவிட்டான். வீட்டின் தெற்குச் சுவரோரம் அழகாக அடுக்கிப் படம் அனுப்பியிருக்கிறான். ஞாயிறுதோறும் ஒரு கட்டையைப் பிளந்து ஈரமானியால் குத்தி எனக்கு எண்ணை எழுதுகிறான். சென்ற வாரம் 24.